காட்டு யாக்: வேட்டையின் வரலாறும் வேட்டை விளையாட்டும்

காட்டு யாக் திபெத்தியப் பீடபூமியின் உயர்நிலங்களில் வாழும் காட்டு மாட்டினம் ஆகும். இமயமலைப் பகுதிகளில் பொதி சுமக்கவும் பாலுக்காகவும் வளர்க்கப்படும் யாக்கின் மூதாதை இதுவே. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு பெருங்கூட்டங்களாகத் திரிந்த இவ்விலங்கை வேட்டையாடுவது இன்று சீனா, இந்தியா, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளிலும் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் 2023ஆம் ஆண்டு முதல் உலகின் எந்த மூலையில் இருப்பவரும் இதைத் தேடிச் சென்று சுட முடிகிறது. 'தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்' என்ற நிகழ்பட விளையாட்டில் (வீடியோ கேம்) வேட்டைக்குரிய விலங்குகளுள் ஒன்றாகக் காட்டு யாக் இடம்பெற்றுள்ளது. அவ்வேட்டை நடைபெறும் களம் கற்பனையான ஒரு நேபாள வேட்டைக்காடு.

இந்த விளையாட்டில் உள்ள வேட்டை முறைக்கு ஒரு வரலாறு உண்டு. காட்டு யாக் மறைந்துபோனதற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டும் சில இடங்களில் ஒன்றுபடுகின்றன, முக்கியமான ஓரிடத்தில் பிரிகின்றன. அதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

திபெத்திய மொழியில் 'யாக்' என்ற சொல் வளர்ப்பு விலங்கின் ஆணை மட்டுமே குறிக்கும். வளர்ப்புப் பெண் விலங்கு 'ட்ரி' எனப்படும். காட்டு விலங்குக்குத் தனியாக 'ட்ரோங்' என்ற பெயர் உள்ளது. மேய்ச்சல் மக்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை என்பதை இப்பெயர்களே காட்டுகின்றன.

அறிவியலிலும் இந்த வேறுபாடு உண்டு. வளர்ப்பு யாக்குக்கு லின்னேயசு 1766இல் 'போஸ் குரூன்னியென்ஸ்' என்று பெயரிட்டார். 'உறுமும் மாடு' என்பது அதன் பொருள். காட்டு யாக்குக்கு ரஷ்யப் பயணி நிக்கொலாய் பிரிசெவால்ஸ்கி 1883இல் இட்ட பெயரிலிருந்து 'போஸ் மியூட்டஸ்' என்ற பெயர் வந்தது. இதன் பொருள் 'ஊமை மாடு'. வளர்ப்பு யாக்கைப் போலக் காட்டு யாக் அடிக்கடி உறுமுவதில்லை.

தமிழில் யாக்கைச் 'சடை எருமை' என்றும் 'பனி எருமை' என்றும் எழுதுவதுண்டு. ஆனால் இது எருமை இனத்தைச் சேர்ந்ததன்று, மாட்டினத்தைச் சேர்ந்தது. சங்க இலக்கியத்தில் இமயமலையோடு சேர்த்துச் சொல்லப்படும் 'கவரி'யும், திருக்குறளில் வரும் 'கவரிமா'வும் யாக்கையே குறிக்கின்றன என்பது அறிஞர் பலரின் கருத்து. யாக்கின் வால்முடியால் செய்யப்பட்ட சாமரம் நெடுங்காலமாகவே மலை தாண்டி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 'கவரி வீசுதல்' என்ற வழக்கும் அதிலிருந்து வந்ததே.

உடலமைப்பும் வாழ்விடமும்

வளர்ந்த ஆண் காட்டு யாக்கின் எடை 1000 கிலோ வரை எட்டும். பெண் விலங்கின் எடை ஆணின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். உடல் கரும்பழுப்பு நிறமுடையது. வயிற்றுப்புறத்திலிருந்து நீண்ட முடி பாவாடை போலத் தொங்கும். அதன் அடியில் அடர்ந்த மென்முடி உண்டு. நுரையீரல் பெரியது. வியர்வைச் சுரப்பிகள் குறைவு. இதனால் கடுங்குளிரையும் காற்றில் உயிர்வளி குறைந்த உயரங்களையும் தாங்கும் இவ்விலங்கால் வெப்பத்தைத் தாங்க இயலாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3000 மீட்டர் முதல் 5500 மீட்டர் வரையிலான மரங்களற்ற புல்வெளிகளே இதன் வாழ்விடம்.

பெண் விலங்குகளும் கன்றுகளும் கூட்டமாக வாழும். வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் தனித்தோ சிறு குழுக்களாகவோ திரியும். இணைசேரும் காலமான கோடையின் பிற்பகுதியில் மட்டும் அவை பெண் கூட்டத்தை நாடி வரும். சூல்காலம் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள். ஓர் ஈற்றில் ஒரு கன்று பிறக்கும். பெரும்பாலான பெண் விலங்குகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே கன்று ஈனுகின்றன. அதுவும் மூன்று நான்கு வயதுக்குப் பிறகே. வேட்டையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இத்தகவலை மனத்தில் கொள்ள வேண்டும்.

மேய்ச்சல் மக்களின் வேட்டை

திபெத்தின் வடக்கேயுள்ள சாங்தாங் சமவெளியின் மேய்ச்சல் மக்கள் காட்டு யாக்கை இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வால்முடிக்காகவும் வேட்டையாடினர். அவர்கள் கையிலிருந்தது திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கி. குழலைத் தாங்கி நிறுத்த முன்பகுதியில் இரண்டு முனைகளுள்ள கவை பொருத்தப்பட்டிருக்கும். ஒரு முறை சுட்டபின் மறுபடி மருந்திட்டுச் சுட நேரம் பிடிக்கும். காயம்பட்ட ஆண் யாக் திரும்பிப் பாயக்கூடியது என்பதால் மிக அருகில் போவது ஆபத்து, தொலைவிலிருந்து சுடுவது வீண். எனவே இந்த வேட்டைக்குக் கருவியே ஓர் எல்லையாக இருந்தது.

மற்றோர் எல்லை சமயம். புத்த சமயம் உயிர்க்கொலையை விலக்கியது. மடங்களைச் சூழ்ந்த மலைகளில் வேட்டை கூடாது என்ற வழக்கம் பல இடங்களில் இருந்தது. லாசாவின் ஆட்சியாளர்களும் வேட்டையைக் கட்டுப்படுத்தும் ஆணைகளை அவ்வப்போது பிறப்பித்தனர். இவற்றால் வேட்டை நின்றுவிடவில்லை. வேளாண்மைக்கு இடமற்ற நிலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அது உணவு. ஆனால் கூட்டங்கள் அழியுமளவுக்கு அது பெருகவும் இல்லை.

பயணிகளும் படை அதிகாரிகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுவகை வேட்டைக்காரர்கள் வந்தனர். பிரிசெவால்ஸ்கி தம் முதல் நடு ஆசியப் பயணத்தில் (1870–1873) வடதிபெத்தைக் கடந்து 1873 சனவரியில் யாங்சி ஆற்றின் மேற்பகுதியை அடைந்தார். வழியில் காட்டு யாக் கூட்டங்களைக் கண்டார், பலவற்றைச் சுட்டார். அவருடைய பயணக் குழுவுக்கு யாக் இறைச்சி உணவாயிற்று, காய்ந்த யாக் சாணம் விறகாயிற்று, தோலும் மண்டையோடும் அருங்காட்சியகப் பொருள்களாயின. முதிர்ந்த ஆண் யாக்கை வீழ்த்துவது எத்தனை கடினம் என்பதையும் அவர் எழுதியுள்ளார்.

தெற்கிலிருந்து பிரித்தானியப் படை அதிகாரிகள் வந்தனர். லடாக்கின் கிழக்கேயுள்ள சாங்சென்மோ பள்ளத்தாக்கு அவர்களிடையே காட்டு யாக் வேட்டைக்குப் பெயர்பெற்றிருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு, சுமை விலங்குகளுடனும் உள்ளூர் வழிகாட்டிகளுடனும் பல வாரங்கள் நடந்து அங்கே சென்றனர். அலெக்சாண்டர் கின்லாக் என்ற படை அதிகாரி திபெத்து, வடமேற்கு இந்தியப் பகுதிகளின் பெருவிலங்கு வேட்டை பற்றி எழுதிய நூல் 1869இல் வெளிவந்தது. அவரைத் தொடர்ந்து வந்தவர்களுக்கு இத்தகைய நூல்கள் வழிகாட்டிகளாக இருந்தன. எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதத்தில் எந்த விலங்கு கிடைக்கும், எத்தகைய துப்பாக்கி தேவை, காற்றின் திசைக்கு எதிரே எப்படி அணுகுவது என்பனவற்றை அவை கற்பித்தன.

இவர்களுக்கு இறைச்சி முதன்மையன்று. இவர்கள் தேடியது கொம்பு. லண்டனில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழில் நடத்திய ரோலண்ட் வார்டு, உலகெங்கும் வேட்டையாடப்பட்ட விலங்குகளின் கொம்பு அளவுகளைத் தொகுத்து 1892இல் ஒரு பதிவேட்டை வெளியிட்டார். கொம்பின் நீளம், அடிச்சுற்று, இரு முனைகளுக்கும் இடையிலான தொலைவு ஆகியவற்றை அளந்து, விலங்குகளை வரிசைப்படுத்தும் முறை அதன்மூலம் நிலைபெற்றது. அமெரிக்காவில் 1887இல் தொடங்கப்பட்ட பூன் அண்ட் கிராக்கெட் மன்றமும் பிற்காலத்தில் தனக்கென ஒரு மதிப்பெண் முறையை வகுத்து, 1950இல் அதை முறைப்படுத்தியது. வேட்டையாடிய விலங்கின் தலையையோ கொம்பையோ வெற்றிச் சின்னமாக வைத்துக்கொள்ளும் 'டிராபி' வேட்டை இவ்வாறு எண்களால் ஒப்பிடத்தக்க ஒரு போட்டியாக மாறியது.

பேரழிவின் காலம்

கொம்பு தேடி வந்தவர்களின் எண்ணிக்கை குறைவு. வடதிபெத்தின் உட்பகுதிகளை அவர்களுள் பலரால் எட்டவே முடியவில்லை. காட்டு யாக்கின் பெருவீழ்ச்சிக்குக் காரணமானவை பிறகு வந்த சாலையும் நவீன துப்பாக்கியும் ஆகும்.

1954இல் சிங்காய்–திபெத் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதுவரை பல மாதப் பயணம் தேவைப்பட்ட சமவெளிகளுக்குச் சரக்குந்துகள் சென்றன. சாலைப் பணியாளர்களுக்கும் படையினருக்கும் அலுவலர்களுக்கும் இறைச்சி தேவைப்பட்டது. பிற்காலத்தில் பொன் தேடுவோரும் வந்தனர். தொலைவிலிருந்து பல முறை சுடக்கூடிய துப்பாக்கியும், கொன்றதை ஏற்றிச் செல்ல வண்டியும் இருந்தபோது, ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே நாளில் அழிக்க முடிந்தது. ஆபத்து வரும்போது காட்டு யாக்குகள் ஒன்றாக நெருங்கி நிற்கும் பழக்கமுடையவை. ஓநாயிடமிருந்து கன்றுகளைக் காத்த அப்பழக்கம் துப்பாக்கியின் முன் அவற்றுக்கே எதிராயிற்று.

மேய்ச்சல் விரிவாக்கம் மற்றொரு காரணம். வளர்ப்பு யாக்குகள் இன்று ஒரு கோடிக்கும் மேல் உள்ளன. அவற்றின் மந்தைகள் உயரே செல்லச் செல்ல, காட்டு யாக்குகள் நல்ல புல்வெளிகளை விட்டு விலகின. காட்டு ஆண் விலங்குகள் வளர்ப்பு மந்தையுடன் கலப்பதும், அதனால் இரத்தக் கலப்பு ஏற்படுவதும், மந்தையின் நோய்கள் தொற்றுவதும் தொடரும் சிக்கல்கள்.

1980களின் பிற்பகுதி முதல் சாங்தாங்கில் களஆய்வு செய்த அமெரிக்க உயிரியலாளர் ஜார்ஜ் ஷாலர், 1990களின் நடுவில் எஞ்சியிருந்த காட்டு யாக்குகள் ஏறத்தாழ 15,000 என மதிப்பிட்டார். பரப்பில் பல நாடுகளுக்கு ஈடான ஒரு பீடபூமியில் எஞ்சியவை அவ்வளவே.

பாதுகாப்பு

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும், நேபாளத்தின் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட பாலூட்டிகள் பட்டியலிலும் காட்டு யாக் உள்ளது. சீனாவில் அது முதல்நிலைப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் இது சேர்க்கப்பட்டுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை 'அழிவாய்ப்புள்ள இனம்' என வகைப்படுத்தியுள்ளது.

சாங்தாங் காப்பகம் 1993இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 3 இலட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைப் போல இரு மடங்குக்கும் அதிகம். அதை ஒட்டிய கெகெசிலி (ஹோ சில்) பகுதி 1995இல் காப்பகமாகி, 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுக்களங்களுள் ஒன்றாயிற்று.

கெகெசிலியின் வரலாற்றில் காட்டு யாக்கின் பெயர் வேறொரு வகையில் பதிந்துள்ளது. அங்கே மென்முடிக்காகத் திபெத்திய மான்களைக் கொன்று குவித்த கள்ள வேட்டைக்காரர்களை எதிர்த்த உள்ளூர் அலுவலர் சோனம் தார்கியே, 1994 சனவரியில் அவர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர உருவான காவல்குழு தனக்குக் 'காட்டு யாக் படை' என்று பெயர் வைத்துக்கொண்டது. வேட்டைக்காரர்கள் வலிமையின் அளவுகோலாகக் கண்ட விலங்கின் பெயரை, வேட்டையைத் தடுக்க முன்வந்தவர்களும் வலிமையின் பெயராக ஏற்றனர்.

நேபாளத்தில் காட்டு யாக்

நேபாளம் காட்டு யாக்கின் வாழ்விடத்தின் தென்விளிம்பு. பாதுகாக்கப்பட்ட விலங்குகள் பட்டியலில் பெயர் இருந்தும், அந்நாட்டில் அது அற்றுப்போய்விட்டதாகவே பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2014ஆம் ஆண்டு, நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள ஹும்லா மாவட்டத்தின் லிமி பள்ளத்தாக்கில் ஆய்வாளர்கள் அதை நேரில் கண்டு உறுதி செய்தனர். காணப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

நேபாளத்தில் சட்டப்படி வேட்டை நடைபெறும் காப்பகம் ஒன்றே ஒன்று. அது 1980களில் அமைக்கப்பட்ட டோர்பட்டான் வேட்டைக் காப்பகம், பரப்பு 1325 சதுர கிலோமீட்டர். பாரல் என்னும் நீல ஆடே அங்கு முதன்மையான வேட்டை விலங்கு. கணக்கெடுப்பின் அடிப்படையில் எத்தனை விலங்குகளைச் சுடலாம் என அரசு வரையறுத்து, கட்டணம் பெற்று உரிமம் வழங்குகிறது. காட்டு யாக் அந்த உரிமங்களுள் இல்லை.

விளையாட்டில் காட்டு யாக்

இமயமலைச் சூழலில் அமைந்த விளையாட்டுகள் இதற்கு முன்பும் உண்டு. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'ஃபார் கிரை 4', கிராட் என்ற கற்பனை நாட்டில் நடப்பது. அதில் யாக் உட்படப் பல விலங்குகளைக் கொன்று தோல் எடுக்கலாம். ஆனால் அது போர் விளையாட்டு, வேட்டை அதில் ஒரு பகுதி மட்டுமே.

'தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்' வேட்டைக்கென்றே உருவாக்கப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த எக்ஸ்பான்சிவ் வேர்ல்ட்ஸ் நிறுவனம் இதை 2017இல் வெளியிட்டது. பின்னர் வெவ்வேறு நாடுகளின் நிலப்பரப்புகளைக் கூடுதல் களங்களாகச் சேர்த்து வந்தது. அவ்வரிசையில் 2023இல் வந்தது 'சுந்தர்பட்டான்' என்ற நேபாளக் களம். பெயரே டோர்பட்டானை நினைவூட்டுவது. தாழ்நிலக் காடுகள் முதல் பனிமலை வரை ஒரே நிலப்படத்தில் அடங்கியுள்ளன. தாழ்நிலத்தில் புலியும் வெளிமானும் இருக்க, உயரே பனிச்சிறுத்தை, நீல ஆடு ஆகியவற்றோடு காட்டு யாக் திரிகிறது.

விளையாடுபவர் காலடித் தடங்களையும் சாணத்தையும் பார்த்து விலங்கைத் தொடர வேண்டும். காற்று தம் பக்கமிருந்து விலங்கை நோக்கி வீசினால் அது மோப்பம் பிடித்து ஓடிவிடும். விரைந்து நடந்தால் ஓசை கேட்டுவிடும். விலங்குகள் பருமனுக்கேற்ப 1 முதல் 9 வரை வகுக்கப்பட்டுள்ளன. அவ்வவ் வகைக்குப் பொருந்தாத தோட்டாவால் சுட்டால் மதிப்பு குறையும். சிறு தோட்டாவால் பெரிய விலங்கைக் காயப்படுத்துவதையும், பெரிய தோட்டாவால் சிறிய விலங்கைச் சிதைப்பதையும் விளையாட்டு ஏற்பதில்லை. இதயம், நுரையீரல் போன்ற உறுப்புகளில் பட்டு விலங்கு விரைவில் இறந்ததா என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. இறுதியில் கொம்பின் அளவுக்கேற்ப வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் வழங்கப்படுகிறது.

இந்த முறை முழுவதும் மேலே கண்ட வரலாற்றிலிருந்து வந்ததுதான். காற்றுக்கு எதிரே அணுகுதல், தக்க துப்பாக்கியைத் தேர்தல், ஒரே குண்டில் வீழ்த்துதல், கொம்பை அளத்தல் ஆகிய அனைத்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேட்டை நூல்கள் வகுத்த ஒழுங்குகள். சாங்சென்மோவுக்கு நடந்து சென்ற அதிகாரியின் கண்ணால்தான் விளையாடுபவரும் யாக்கைப் பார்க்கிறார். திரித் துப்பாக்கியுடன் குடும்பத்துக்கு இறைச்சி தேடிய மேய்ச்சல்காரரின் வேட்டையும், சரக்குந்தில் வந்தவர்களின் வேட்டையும் இதில் இல்லை.

விளையாட்டும் வரலாறும் பிரியும் இடம்

நெறியில்லாத வேட்டையை விளையாட்டு ஓரளவு தண்டிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் பல விலங்குகளைச் சுட்டால் அங்கே 'வேட்டை நெருக்கடி' கூடி, விலங்குகள் தாம் மேயும், நீர் அருந்தும் இடங்களைக் கைவிடும். மேய்ச்சலும் சாலையும் நெருங்கியபோது உண்மையான காட்டு யாக்குகள் செய்ததும் இதைத்தான்.

ஆனால் விளையாட்டில் சுடப்பட்ட விலங்குக்குப் பதிலாக வேறொன்று தோன்றிவிடும். எத்தனை பெரிய ஆணைச் சுட்டாலும் களம் வெறுமையாவதில்லை. பொழுதுபோக்குக்கான விளையாட்டுக்கு அது தேவை, விலங்கு தீர்ந்துபோனால் விளையாட்டும் தீர்ந்துபோகும். உண்மையான யாக்கின் வரலாற்றைத் தீர்மானித்ததோ இதற்கு நேர்மாறான செய்தி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கன்று என்ற கணக்கில் பெருகும் விலங்கு, ஒரே நாளில் இழந்த கூட்டத்தை மீட்டுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவும் மேய இடமிருந்து, யாரும் மறுபடி சுடாமலிருந்தால் மட்டுமே. லடாக்கில் ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களை ஈர்த்த சாங்சென்மோ பகுதியில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு கூட்டமே.

ஆகவே சுந்தர்பட்டானில் காணும் யாக்கை இன்றைய நேபாளத்தின் யாக்காகக் கொள்ளக்கூடாது. உருவம், முடி, கொம்பு, எச்சரிக்கையுணர்வு ஆகியவற்றை விளையாட்டு அக்கறையுடன் காட்டுகிறது. அவ்விலங்கின் பெயரையே அறியாத பலருக்கு அதை அறிமுகப்படுத்தவும் செய்கிறது. காட்டாமல் விடுவது அதன் அருமையை. நேபாளத்தின் 5 ரூபாய் நோட்டில் யாக்கின் படம் உண்டு. அந்த நோட்டு அந்நாட்டினர் எல்லோருடைய கையிலும் புழங்குவது. லிமி பள்ளத்தாக்கில் காட்டு யாக்கை நேரில் கண்டவர்களோ மிகச் சிலர்.